கைத்துப்பாக்கித் தோட்டா வெடிமருந்து

கைத்துப்பாக்கித் தோட்டா வெடிமருந்து என்பது கைத்துப்பாக்கி, சுழல் துப்பாக்கி ஆகியவற்றின் தோட்டாவினுள் எரிந்து, அவ்வெரிதலால் உண்டாகும் வளிமத்தின் அழுத்தத்தைக் கொண்டு குண்டைக் குழல் வழியே வெளியே தள்ளும் வேதிப்பொருள் ஆகும். இக்காலத்தில் இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் புகையற்ற மருந்து எனப்படும் நைட்ரோசெல்லுலோசு வகை மருந்தாகும். இலக்கு சுடுதலில் ஈடுபடுவோர் சிலர், சட்டம் இடந்தரும் நாடுகளில், ஒருமுறை சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைத் தூய்மை செய்து மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுப் பயன்படுத்துவர். இது கைநிரப்புதல் எனப்படும். கைநிரப்புதலில் எந்த மருந்தைத் தேர்வது என்பது சுடும் துல்லியத்தை மட்டுமன்றிச் சுடுபவரின் கண்ணையும் கையையும் காப்பதாகும். இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம்.

இக்கட்டுரை மருந்துகளின் வகைகளையும் அவற்றைத் தேர்வதற்கான அடிப்படைகளையும், திருவண்ணாமலை வட்டாரத்திலும் தமிழ்நாட்டிலும் வெடிமருந்துக்கு உள்ள வரலாற்றையும் சட்ட நிலையையும் விளக்குகிறது. நிரப்பும் அளவுகள் இங்கு தரப்படவில்லை. அவை மருந்து உற்பத்தியாளரின் அட்டவணையில் இருந்து மட்டுமே பெறப்பட வேண்டியவை.

பெயர்

தமிழகப் பேச்சு வழக்கில் வெடிமருந்து வெறுமனே "மருந்து" என்றே வழங்கும். துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தல், வேட்டுக்கு மருந்து இடித்தல் என்பன ஊர்ப்புறங்களில் இன்றும் கேட்கும் தொடர்கள். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மொழியில் இருந்து வந்தது. ஈழத்தில் வழங்கும் துவக்கு என்னும் சொல்லும் அதே மூலத்தைச் சேர்ந்தது. தோட்டாவின் முனையில் இருந்து பாயும் உலோகப் பகுதி தமிழகத்தில் குண்டு என்றும், ஈழத்தில் சன்னம் என்றும் வழங்குகிறது. பலர் முழுத் தோட்டாவையும் குண்டு என்பர். இக்கட்டுரையில் குண்டு என்பது பாயும் பகுதியை மட்டுமே குறிக்கும்.

தோட்டாவின் அமைப்பு

ஒரு கைத்துப்பாக்கித் தோட்டா நான்கு பகுதிகளைக் கொண்டது.

உறை: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. சுடும்போது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வளிமம் பின்பக்கம் கசியாமல் காக்கிறது.

எரியூட்டி: உறையின் அடியில் பொருத்தப்பட்டுள்ள சிறு கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அடித்தவுடன் தீப்பொறியை எழுப்பி மருந்தைப் பற்றவைக்கிறது. பிரைமர் என்றும் வழங்கும்.

மருந்து: எரிந்து வளிமமாக மாறும் பகுதி.

குண்டு: உறையின் வாயில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும் ஈயம் அல்லது செப்பு உறையிட்ட ஈயம்.

எரியூட்டி உறையின் நடுவில் தனியாக அமைந்த தோட்டாக்களையே எளிதாக மீண்டும் நிரப்ப இயலும். இவற்றுள்ளும் பாக்சர் முறை உறையில் நடுவே ஒரே துளை இருப்பதால் பழைய எரியூட்டியை ஊசியால் தள்ளி அகற்றலாம். பெர்டன் முறை உறையில் பக்கவாட்டில் சிறு துளைகள் இருப்பதால் இது கடினம். 0.22 அங்குலத் தோட்டாக்களில் எரியூட்டும் பொருள் உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டுள்ளது. எனவே அவை ஒருமுறை சுட்டபின் எறியப்படுபவை. இலக்கு சுடும் போட்டிகளில் மிகுதியாகப் பயன்படுவது இவ்வகையே ஆதலால், போட்டியாளர் பலருக்கும் மருந்தைத் தேரும் தேவையே எழுவதில்லை. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெடிமருந்து அறவே இல்லை. 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை துளையளவு கொண்ட 25 மீட்டர் நடு எரியூட்டிக் கைத்துப்பாக்கிப் போட்டியும், பொழுதுபோக்காகச் சுடுதலுமே கைநிரப்புதலுக்கு உரிய களங்கள்.

வரலாறு

கரும் மருந்து

ஏறத்தாழ 9 ஆம் நூற்றாண்டில் சீனாவில் அறியப்பட்ட கரும் மருந்தே வெடிமருந்துகளுள் மூத்தது. இதன் பிற்கால வழக்கமான கலவை 75 விழுக்காடு வெடியுப்பு, 15 விழுக்காடு கரி, 10 விழுக்காடு கந்தகம் என்பதாகும். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு ஆக்சிசனைத் தருகிறது. கரி எரிபொருளாகிறது. கந்தகம் பற்றும் வெப்பநிலையைக் குறைக்கிறது. பீகார் பகுதி வெடியுப்புக்குப் பெயர் பெற்றிருந்தது. ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் அங்கிருந்து பெருமளவில் அதனை ஏற்றுமதி செய்தன.

கரும் மருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதுவே அடர்ந்த வெண்புகையாகவும் குழலில் படியும் கசடாகவும் ஆகிறது. இக்கசடு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை விரைவில் அரிக்கும்.

திருவண்ணாமலை வட்டாரத்தில்

18 ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் வெடிமருந்தின் ஆற்றலையும் அழிவையும் நேரில் கண்டது. 1760 சனவரி 22 அன்று வந்தவாசியில் ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படைக்கும் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படைக்கும் நடந்த போரில், ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு ஒன்று பிரெஞ்சு நிலையில் நின்ற வெடிமருந்து வண்டியைத் தாக்கியது. வண்டி வெடித்ததில் அங்கிருந்தோர் பலர் மாண்டனர். அந்நிலை குலைந்தது பிரெஞ்சுத் தோல்விக்கு ஒரு காரணமாயிற்று.

1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் இணைந்து நடத்திய படைகளை ஜோசப் சிமித் தலைமையிலான ஆங்கிலேயப் படை முதலில் செங்கத்திலும் பின்னர் திருவண்ணாமலையிலும் எதிர்கொண்டது. உயர்ந்த மதில்களை உடைய அண்ணாமலையார் கோயில் அக்காலப் போர்களில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்திற்கு அருகே உள்ள பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் வெடித்ததே பெய்லியின் படை முற்றாக அழிந்ததற்கு ஒரு காரணம்.

வந்தவாசியும் பொள்ளிலூரும் காட்டும் பாடம் ஒன்றே. மருந்து குவிந்திருக்கும் இடமே மிகுந்த இடருக்கு உரியது. இன்று ஒரு சுடுநர் தம் மேசைமீது எத்தனை மருந்துக் குடுவையைத் திறந்து வைக்கலாம் என்பதற்கும் இதுவே அடிப்படை.

புகையற்ற மருந்து

1846 இல் சுவிட்சர்லாந்தில் சேன்பைன் பருத்தியை நைட்ரிக் காடியுடன் வினைபுரியச் செய்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் இத்தாலியரான சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். இவை இரண்டும் துப்பாக்கிக்கு அடங்காத வேகத்துடன் வெடித்தன. 1884 இல் பிரான்சைச் சேர்ந்த பால் வியேய் என்பார் வெடிபஞ்சைக் கரைப்பானில் குழைத்துக் கூழாக்கி, தகடாக இட்டு, சிறு துண்டுகளாக நறுக்கினார். இதனால் மருந்து மேற்பரப்பில் இருந்து உள்நோக்கிப் படிப்படியாக எரிந்தது. இதுவே முதல் வெற்றிகரமான புகையற்ற மருந்து எனலாம். 1887 இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கலந்து பாலிசுடைட்டை உருவாக்கினார். 1889 இல் பிரித்தானியாவில் ஏபெல், டெவார் ஆகியோர் கார்டைட்டை உருவாக்கினர். இது நூல்போல் இழுக்கப்பட்ட மருந்து. முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடும், வெடிபஞ்சு 37 விழுக்காடும், பெட்ரோலியக் கூழ் 5 விழுக்காடும் இருந்தன.

அருவங்காடு

நீலகிரியில் குன்னூருக்கு அருகே உள்ள அருவங்காட்டில் கார்டைட்டுத் தொழிற்சாலை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் துப்பாக்கி மருந்து செய்யப்படும் இடங்களுள் இதுவே மிகவும் அறியப்பட்டது. நீலகிரி மலை இரயிலில் செல்வோர் இதன் பெயரைத் தாங்கிய நிலையத்தைக் கடந்து செல்வர். நீண்ட காலம் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின்கீழ் இருந்த இத்தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 அன்று அவ்வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின்கீழ் வந்தது. இங்கு செய்யப்படும் மருந்து படைத்துறைத் தேவைக்கு உரியது. கடைகளில் குடுவையில் கிடைப்பதன்று.

வகைகள்

துப்பாக்கிகளில் பயன்படும் புகையற்ற மருந்து பெரும்பாலும் இருவகைப்படும். நைட்ரோசெல்லுலோசு மட்டுமே ஆற்றல் தரும் பொருளாக இருப்பது ஒற்றை அடிப்படை மருந்து. அதனுடன் நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது இரட்டை அடிப்படை மருந்து. இரட்டை அடிப்படை மருந்து குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைத் தரும். ஆயின் எரியும் வெப்பம் கூடுதல்.

மருந்து மணிகளின் வடிவத்தைக் கொண்டு பின்வருமாறு பிரிப்பர்.

செதில்: மெல்லிய தட்டைத் துண்டுகள். கைத்துப்பாக்கி மருந்துகளில் மிகப் பழமையான வடிவம். இடத்தை மிகுதியாக அடைக்கும். சில அளவிகளில் சீராக விழாது.

உருண்டை: கோள வடிவம் அல்லது நசுக்கிய கோளம். கடுகுபோல் உருண்டு அளவியில் மிகச் சீராக விழும். குறைந்த இடத்தில் அடங்கும்.

குழல்: சிறு உருளைகளாகப் பிழிந்து நறுக்கப்பட்டது. நீளத் துப்பாக்கிகளுக்கு உரியது எனினும் மிகச் சிறியதாக நறுக்கப்பட்டவை கைத்துப்பாக்கிக்கும் பயன்படுகின்றன.

தேர்வுக்கான அடிப்படைகள்

எரியும் வேகம்

கைத்துப்பாக்கியின் குழல் குறுகியது. பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டரே இருக்கும். குண்டு குழலை விட்டு நீங்குமுன் மருந்து எரிந்து முடிய வேண்டும். எனவே விரைவாக எரியும் மருந்தே ஏற்றது. நீளத் துப்பாக்கிக்கு உரிய மெதுவான மருந்தைக் கைத்துப்பாக்கியில் இட்டால் பெரும்பகுதி குழலுக்கு வெளியே தீப்பிழம்பாக வீணாகும். மாறாக, கைத்துப்பாக்கிக்கு உரிய விரைவான மருந்தை நீளத் துப்பாக்கியின் பெரிய உறையில் நிறைத்தால் துப்பாக்கியே உடையும்.

புகையற்ற மருந்தின் தனிப்பண்பு ஒன்றை இங்கே அறிய வேண்டும். அழுத்தம் கூடக்கூட அது எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் மேலும் கூடும். எனவே சிறிது கூடுதலாக இட்ட மருந்து, சிறிது கூடுதலான அழுத்தத்தோடு நிற்காது. கரும் மருந்தில் இந்த ஏற்றம் மிகவும் குறைவு. கரும் மருந்தைக் கையாண்டு பழகியவர் புகையற்ற மருந்தில் தவறு செய்வதற்கு இதுவே காரணம்.

மருந்துகளை எரியும் வேகப்படி வரிசைப்படுத்திய பட்டியல்கள் உண்டு. அவை ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியவை. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரு மருந்துகளை ஒன்றுக்கு மற்றொன்றாக அதே எடையில் இடுதல் கூடாது.

பருமன்

இலக்கு சுடுதலுக்கான மென்மையான தோட்டாவில் மருந்து மிகக் குறைவாகவே இருக்கும். 0.38 சிறப்பு, 0.45 கோல்ட் போன்ற உறைகள் பருமன் மிகுந்த கரும் மருந்தின் வழக்கில் இருந்து வந்த பெரிய உறைகள். அவற்றில் அடர்த்தியான நவீன மருந்தை இட்டால் உறையின் அடிப்பகுதி மட்டுமே நிறையும். இதனால் இரு தீங்குகள் உண்டு. முதலாவது, தவறுதலாக இருமுறை மருந்து விழுந்தாலும் உறை வழியாது. எனவே கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, துப்பாக்கியைச் சாய்க்கும் நிலைக்கேற்ப மருந்து முன்னும் பின்னும் நகர்ந்து, ஒவ்வொரு முறையும் வேகம் மாறும்.

எனவே புதியவர் ஒருவருக்கு மிகச் சிறந்த மருந்து எது எனின், இருமுறை விழுந்தால் உறையை விட்டு வழிந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பருமனான மருந்தே எனலாம். சிக்கனம், தூய்மை ஆகியவை இதற்குப் பின்னரே எண்ணத் தக்கவை.

அளவியில் சீர்மை

மருந்து எடை கிரெயின் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு கிரெயின் 0.0648 கிராம் ஆகும். பொற்கொல்லர் வழக்கிலுள்ள ஒரு குன்றிமணி எடை ஏறத்தாழ 2 கிரெயின். இவ்வளவு சிறிய எடையில் பத்தில் ஒரு பங்கு கிரெயின் வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கது. உருண்டை மருந்து அளவியில் சீராக விழுவதால் இத்தன்மையில் முன்நிற்கிறது. செதில் மருந்தைப் பயன்படுத்துவோர் அடிக்கடி தராசில் இட்டுச் சரிபார்ப்பர்.

துப்பாக்கியின் வகை

சுழல் துப்பாக்கியில் அறையைச் சுற்றுவது சுடுபவரின் விரல். எனவே மிக மென்மையான தோட்டாவும் அதில் இயங்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் பின்னோக்கி நகரும் மேற்பகுதியை இயக்குவது தோட்டாவின் ஆற்றலே. மருந்து மிகவும் குறைந்தால் வெற்று உறை வெளியேறாது சிக்கும். ஆகவே ஒரே மருந்து இரு வகைக்கும் பொருந்தினாலும் ஒரே அளவு பொருந்தாது.

காகித இலக்குக்குத் தட்டைமுனைக் குண்டு விரும்பப்படுகிறது. அது காகிதத்தில் வட்டமான தெளிவான துளையை இடுவதால் புள்ளி கணிப்பது எளிது. 0.38 சிறப்பு உறையில் இக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 210 முதல் 230 மீட்டர் வேகத்தில் செலுத்தப்படுகிறது. பொழுதுபோக்கு இலக்கு சுடுதலுக்கு இதற்கு மேல் வேகம் எந்த நன்மையையும் தருவதில்லை. உதைப்பும் ஓசையும் செலவுமே கூடும்.

தூய்மை, சிக்கனம்

சில மருந்துகள் மென்மையான அளவில் முழுமையாக எரியாமல் குழலில் கசடையும் எரியாத மணிகளையும் விடும். இது துப்பாக்கியைக் கெடுப்பதில்லை எனினும் தூய்மை செய்யும் வேலையைக் கூட்டும். ஈயக் குண்டில் பூசிய மெழுகு தரும் புகையைப் பலர் மருந்தின் புகை என எண்ணுவர்.

ஒரு பவுண்டு மருந்து 7000 கிரெயின் ஆகும். கணக்கிற்காக, ஒரு தோட்டாவுக்கு 3.5 கிரெயின் எனக் கொண்டால் 2000 தோட்டாக்களும், 5 கிரெயின் எனக் கொண்டால் 1400 தோட்டாக்களும் நிரப்பலாம். ஒரு தோட்டாவின் செலவில் மருந்தின் பங்கு பொதுவாகச் சிறியது. குண்டு, எரியூட்டி ஆகியவற்றின் பங்கே பெரியது. எனவே மருந்தில் மிச்சம் பிடிக்கும் பொருட்டுப் பொருந்தாத மருந்தைத் தேர்வது அறிவுடைமை ஆகாது.

வெளியிடப்பட்ட அட்டவணை

எல்லாவற்றினும் முதன்மையானது இதுவே. கையில் உள்ள உறை, குண்டின் எடை, குண்டின் வடிவம் ஆகியவற்றுக்கு உற்பத்தியாளர் வெளியிட்ட அளவு இல்லையெனில், அம்மருந்து அத்தோட்டாவுக்கு உரியதன்று. அளவு இருப்பினும் தொடக்க அளவில் இருந்தே ஏற வேண்டும். உச்ச அளவில் இருந்து தொடங்குதல் கூடாது. சில மெதுவான உருண்டை மருந்துகளுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. எச்110 என்னும் மருந்தை அட்டவணை அளவில் இருந்து மிகவும் குறைத்தால் சரிவரப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடக்கூடும். எனவே அது மென்மையான இலக்குத் தோட்டாவுக்கு ஏற்றதன்று.

சில அறியப்பட்ட மருந்துகள்

புல்சுஐ: 1898 முதல் வழங்கும் அமெரிக்கச் செதில் மருந்து. இரட்டை அடிப்படை. மிக விரைவாக எரிவது. இலக்கு சுடுவோரிடம் நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. மிகக் குறைந்த அளவே போதுமாதலால் இருமுறை விழும் இடர் இதில் மிகுதி.

யுனீக்கு: 1900 முதல் வழங்குவது. பருமனான செதில். பல உறைகளுக்குப் பொருந்தும். அளவியில் அத்துணைச் சீராக விழாது.

231: நசுக்கிய உருண்டை மருந்து. அளவியில் சீராக விழும்.

என்320: பின்லாந்தின் விகிதாவுவோரி மருந்து. ஒற்றை அடிப்படை. குறைந்த புகையுடன் எரிவதால் போட்டியாளர் விரும்புவர்.

டைட்டுகுரூப்பு: பெரிய உறையில் சிறிய அளவு இட்டாலும் நிலை மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படாதவாறு செய்யப்பட்டது. மிகுந்த அடர்த்தி உடையதாதலால் இருமுறை விழுந்ததைக் கண்டறிவது கடினம்.

அழுத்த எல்லைகள்

அமெரிக்க உற்பத்தியாளர் கழகம் வகுத்துள்ள உச்ச அழுத்தங்கள் தோட்டாக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுகின்றன. 0.32 சிமித்-வெசன் நீளத் தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. 0.38 சிறப்புக்கு 17,000 பவுண்டு. 0.45 ஏசிபி தோட்டாவுக்கு 21,000 பவுண்டு. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 35,000 பவுண்டு.

9 மில்லிமீட்டர் உறை மிகச் சிறியது. அதில் குண்டைச் சற்று ஆழமாக அழுத்தினாலே மருந்துக்கு உள்ள இடம் சுருங்கி அழுத்தம் விரைந்து ஏறும். எனவே மருந்தின் எடை சரியாக இருந்தும் தோட்டாவின் மொத்த நீளம் தவறினால் தீங்கு நேரலாம்.

பாதுகாப்பு

நிரப்பும் மேசைமீது ஒரு நேரத்தில் ஒரு மருந்துக் குடுவை மட்டுமே இருக்க வேண்டும். பெயர் அழிந்த குடுவையில் உள்ள மருந்தை நிறத்தையோ வடிவத்தையோ கொண்டு அடையாளம் காண முயலுதல் கூடாது. அதனை அழிப்பதே முறை. இரு மருந்துகளைக் கலத்தல் எந்நிலையிலும் கூடாது.

குண்டைப் பொருத்துமுன் ஒவ்வோர் உறையினுள்ளும் விளக்கொளியில் நோக்க வேண்டும். மருந்தே விழாத தோட்டாவும் இடருக்கு உரியதே. எரியூட்டியின் விசை மட்டும் குண்டைக் குழலின் நடுவில் கொண்டு நிறுத்தும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சுடும்போது ஓசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்திக் குழலைச் சோதிக்க வேண்டும்.

பட்டாசு மருந்தை எந்தத் துப்பாக்கியிலும் இடுதல் கூடாது. பட்டாசில் உள்ள அலுமினியத் தூள் சேர்ந்த கலவை குண்டைத் தள்ளுவதற்கன்று, ஓசை எழ உறையைச் சிதறடிப்பதற்கென்றே செய்யப்படுவது. திருவிழாக்களில் போடும் அதிர்வேட்டு மருந்துக்கும் இது பொருந்தும். அவ்வாறே கரும் மருந்துக்கென்று செய்த பழைய துப்பாக்கியில் புகையற்ற மருந்தை இடுதல் கூடாது. அக்குழல்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கா.

எரியூட்டியிலும் குண்டிலும் ஈயம் உள்ளது. நிரப்பும் இடத்தில் உண்ணுதலும் புகைத்தலும் கூடாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

சேமிப்பு

நைட்ரோசெல்லுலோசு காலப்போக்கில் தானே சிதைவது. சிதையும்போது வெளிப்படும் நைட்ரசன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். இதனைத் தடுக்க டைபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. வெப்பம் மிகுந்தால் நிலைப்படுத்தி விரைவில் தீர்ந்துவிடும். திருவண்ணாமலை போன்று கோடையில் 40 பாகை செல்சியசை ஒட்டி வெயில் காயும் ஊர்களில் ஓட்டுக் கூரையின்கீழ் உள்ள பரணும், வெயிலில் நிறுத்திய மூடிய வண்டியும் மருந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல. காடி நெடி வீசுதல், குடுவைக்குள் செந்நிறத் தூசு அல்லது புகை காணுதல் ஆகியவை கெட்ட மருந்தின் அறிகுறிகள்.

புகையற்ற மருந்து திறந்த வெளியில் பற்றினால் வெடிக்காமல் விரைந்து எரியும். இறுக மூடிய வலுவான இரும்புப் பெட்டியில் பற்றினால் வெடிக்கும். எனவே அது உற்பத்தியாளரின் குடுவையிலேயே, அடைபட்ட அழுத்தம் எளிதில் விடுபடும் இடத்தில் வைக்கப்படுகிறது. கரும் மருந்து இதனினும் கொடியது. சிறு தீப்பொறியிலேயே பற்றும்.

இந்தியாவில் சட்ட நிலை

இந்தியாவில் துப்பாக்கியும் தோட்டாவும் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழும் 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்கீழும் அடங்கும். வெடிமருந்து 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழும் 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்கீழும் அடங்கும். இவ்விதிகளின் வகைப்பாட்டில் கரும் மருந்து முதல் வகுப்பிலும், நைட்ரோ சேர்மங்கள் மூன்றாம் வகுப்பிலும், நிரப்பிய தோட்டாக்கள் ஆறாம் வகுப்பிலும், பட்டாசுகள் ஏழாம் வகுப்பிலும் வைக்கப்பட்டுள்ளன.

படைக்கலச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதற்கான உரிமத்தைக் கூறுகிறது. 5 ஆம் பிரிவு அவற்றைச் செய்வதற்கும் விற்பதற்குமான உரிமத்தைக் கூறுகிறது. இவை இரண்டும் வேறு. தோட்டா செய்யும் பொறிகளும், துப்பாக்கிக்கு இடும் மருந்தளவும் கூடச் சட்டத்தின் தோட்டா என்னும் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே முறையாகத் துப்பாக்கி உரிமம் பெற்ற ஒருவரும் அந்த உரிமத்தைக் கொண்டு வீட்டில் தோட்டா நிரப்ப இயலாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் இன்றிச் செய்தலுக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை முதல் வாழ்நாள் சிறை வரை தண்டனை உண்டு.

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட துளையளவில் அடங்கும். உரிமம் பெற்றோர் பெரும்பாலும் 0.32 அங்குலத் துப்பாக்கிகளையே வைத்துள்ளனர். கான்பூரில் செய்யப்படும் 0.32 சுழல் துப்பாக்கி பலரும் அறிந்தது.

திருவண்ணாமலையும் சவ்வாது மலையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் கோருவோர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இலக்கு சுடுதலைக் கற்க விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட சுடுதல் கழகத்தில் சேர்வதே ஏற்ற வழி. இந்தியத் தேசியத் துமுக்கிக் கழகம் 1951 இல் நிறுவப்பட்டது. தொடக்கநிலையினர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குவதால் மருந்து பற்றிய சிக்கல் அவர்களுக்கு எழுவதில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விசய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றது 0.22 தோட்டா பயன்படும் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் என்பதும், 2024 பாரிசு ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வென்றது காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் என்பதும் குறிப்பிடத்தக்கன.

மாவட்டத்தின் வடமேற்கே உள்ள சவ்வாது மலையில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள் நெடுங்காலமாகப் புழங்கி வந்துள்ளன. காட்டுப் பன்றியிடம் இருந்து விளைச்சலைக் காக்கவும் வேட்டைக்கும் இவை பயன்பட்டன. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது கோரி வருகிறது. இத்துப்பாக்கிகளில் அட்டவணை இல்லை. மருந்தின் அளவு கைக்கணக்கே. குழல் பெரும்பாலும் சோதிக்கப்படாத இரும்புக் குழாய். மருந்தைத் தேர்வதில் மேலே கூறிய ஒவ்வொரு நெறியும் மீறப்படும் இடம் இதுவாதலால், இவற்றில் குழல் வெடித்துக் கை, கண் இழப்பது இயல்பாகவே நிகழக்கூடியதாகிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் கைநிரப்புதல் பரவலான பொழுதுபோக்கு. மருந்தும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. பிரித்தானியாவில் 1997 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்களுக்குப் பின் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. கனடாவில் 2022 அக்டோபர் 21 முதல் தனியாரிடையே கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் நிறுத்தப்பட்டுள்ளன. எனவே புலம்பெயர் தமிழர் தாம் வாழும் நாட்டின் சட்டத்தை முதலில் அறிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும்.

சட்டம் இடந்தரும் நாட்டில் தொடங்குவோர் சுடுதல் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அருகிருக்க, ஒரே உறை, ஒரே குண்டு, பருமனான ஒரே மருந்து என்னும் எளிய முறையில் தொடங்குவது வழக்கம்.